ஐவரைத் தேடிய உலகமும் எமது கடமையும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை, வட அத்திலாந்திக் சமுத்திரத்தில், ஐந்து மனிதரை ஏற்றிக்கொண்டு 'டைட்டன்' என்னும் சிறு நீர்மூழ்கிக் கலம் கீழே இறங்கிற்று. 1912 ஆம் ஆண்டில் மூழ்கிய டைட்டானிக் கப்பல் ஏறத்தாழ 3,800 மீற்றர் ஆழத்திற் கிடக்கின்றது. அதைக் கண்ணாற் காண்பதே அவர்களுடைய நோக்கம். ஓர் ஆசனத்தின் விலை இரண்டரை இலட்சம் அமெரிக்க டொலர். இறங்கத் தொடங்கி ஒன்றேமுக்கால் மணித்தியாலத்துள் மேலே நின்ற தாய்க்கப்பலோடு இருந்த தொடர்பு அறுந்தது.

அதன்பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கலத்தினுள் 96 மணித்தியாலங்களுக்குப் போதுமான பிராணவாயு உண்டு என்றார்கள். அந்த எண்ணிக்கையைத் தொலைக்காட்சிகள் மணிக்கு மணி குறைத்துக் காட்டின. அமெரிக்கக் கடலோரக் காவற்படை புறப்பட்டது. கனடாவின் விமானங்கள் கடலின் மேல் வட்டமிட்டன. பிரான்ஸ் தேசம் தன் ஆராய்ச்சிக் கப்பலை, ஆறாயிரம் மீற்றர் ஆழம்வரை செல்லவல்ல இயந்திரத்தோடு அனுப்பிற்று. ஆழ்கடல் இயந்திரங்களை அமெரிக்க விமானப்படை தன் பெரிய விமானங்களில் ஏற்றி நியூபவுண்ட்லாந்தில் இறக்கியது. நான்காம் நாள், ஜூன் 22 இல், ஆளில்லாத இயந்திரமொன்று டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து ஏறத்தாழ 1,600 அடி தூரத்திற் கலத்தின் சிதைவுகளைக் கண்டது. உள்ளே இருந்த ஐவரும் கலம் நொறுங்கிய அந்தக் கணத்திலேயே மாண்டிருந்தனர். நொறுங்கிய ஓசையை ஒத்த ஒலியொன்றை அமெரிக்கக் கடற்படையின் கருவிகள் முதல் நாளே பதிவு செய்திருந்தன என்ற செய்தியும் பின்னர் வெளிவந்தது.

அந்த ஆழத்தில் நீர் எத்துணை பாரமுடையது என்பதை எமது கமக்காரருக்கு விளங்கும் வகையிற் சொல்கிறேன். பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். எமது தோட்டக் கிணறுகளில் அடிவரை சுழியோடுபவனுக்கே காது அடைக்கின்றது. 3,800 மீற்றரில் ஒரு சதுர அங்குலத்தின் மீது, அதாவது கட்டைவிரல் நுனியளவு இடத்தின் மீது, ஏறத்தாழ 2,500 கிலோ பாரம் அழுத்தும். எழுபது கிலோ நெல்மூட்டை முப்பத்தைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒருவன் பெருவிரலில் ஏற்றியதற்கு அது சமம்.

இன்று நான் பேச வந்தது அந்தக் கலத்தைப் பற்றி மட்டுமன்று. அதைத் தேடிய நான்கு நாட்களில் உலக மக்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியும், அதிலிருந்து நாம் பெறவேண்டிய முடிவைப் பற்றியுமே.

மக்கள் மூன்று விதமாகப் பேசினார்கள். ஒரு சாரார் உள்ளம் உருகி, பிரார்த்தனை செய்து காத்திருந்தார்கள். இன்னொரு சாரார் பரிகசித்தார்கள். கோடீசுவரனுக்கு வேறு வேலையில்லை, பணத்திமிர் கடலடிவரை கொண்டுபோயிற்று என்று, அந்த ஐவரும் உயிரோடு இருக்கலாம் என்று எண்ணப்பட்ட வேளையிலேயே நகைச்சுவைத் துணுக்குகள் பறந்தன. மூன்றாம் சாரார் கேள்வி கேட்டார்கள். ஐந்து செல்வருக்காக மூன்று தேசங்களின் படைகள் திரள்கின்றன. நான்கு நாட்களுக்கு முன் மத்தியதரைக் கடலில் நூற்றுக்கணக்கான ஏழைகள் மூழ்கியபோது இந்தப் படைகள் எங்கே போயின என்பதே அவர்களின் கேள்வி.

பரிகசித்தவர்களுக்கு முதலில் விடை சொல்கிறேன். கிணற்றில் ஒருவன் விழுந்தால், விழுந்தவன் யார், காணி எத்தனை பரப்பு, குடித்திருந்தானா என்றெல்லாம் விசாரித்த பின்பா நாம் கயிறு போடுகிறோம்? முதலிற் கயிறு; விசாரணை பிறகு. இது எமது கிராமங்களில் எழுதப்படாத சட்டம். அந்த ஐவருள் பாகிஸ்தானைச் சேர்ந்த ஷாஷாதா தாவூத் என்பவரின் மகனும் ஒருவன். அவனுக்கு வயது பத்தொன்பது. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் சாவிற் சிரிப்பதற்கு என்ன இருக்கின்றது? செல்வரின் சாவில் மகிழ்வதை ஏழைக்கு நீதி என்று எண்ணுபவன், ஏழைக்கும் நன்மை செய்தவன் அல்லன்.

ஆனால் இரங்குவதற்காகக் குற்றத்தை மூடிமறைக்க வேண்டியதில்லை. கலத்தை இயக்கிய கம்பனியின் தலைவர் ஸ்டொக்டன் ரஷ், தாமும் அதனுள் இருந்தே மாண்டார். அந்தக் கலம் எந்தத் தகுதிச் சான்று நிறுவனத்தாலும் பரிசோதிக்கப்பட்டு அங்கீகரிக்கப்பட்டதன்று. 2018 ஆம் ஆண்டிலேயே, ஆழ்கடற் கலங்களிற் பழகிய நிபுணர்கள் பலர் ஒன்றுகூடி அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வரைந்தார்கள். அதே ஆண்டில், கலத்தின் பாதுகாப்பைப் பற்றி எழுத்தில் முறையிட்ட அக்கம்பனியின் சொந்த அதிகாரி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கலத்தின் உடல் கரிநார்ப் பொருளாற் செய்யப்பட்டது. குளக்கட்டு ஒவ்வொரு மாரியிலும் சிறிது சிறிதாக உள்ளே அரிக்கப்பட்டு, வெளியே புல் முளைத்து அழகாகத் தோன்றி, ஒருநாள் உடைகின்றதே, அதைப் போல ஒவ்வொரு பயணத்திலும் அது உள்ளே நைந்தது. 2022 ஆம் ஆண்டுப் பயணமொன்றின் முடிவில் பெருஞ் சத்தம் ஒன்று கேட்டது. அதன் பின்னரும் கலத்தைக் கடலில் இறக்கினார்கள். இந்த மரணங்கள் தடுக்கப்பட்டிருக்கக் கூடியவை என்பதே 2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விசாரணைச் சபை கண்ட முடிவு.

சட்டம் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் கவனிக்கிறேன். ஒரு நாட்டின் கொடியைத் தாங்கும் கப்பல் அந்த நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டது. டைட்டன் அவ்வாறு பதியப்படவில்லை. பணம் கொடுத்துப் போனவர்களைப் பிரயாணிகள் என்று அழைக்காமல் 'செயற்பணி நிபுணர்கள்' என்று அழைத்தார்கள். பிரயாணி என்றாற் பரிசோதனை வரும். நிபுணர் என்றால் வராது என்ற கணக்கு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத திறந்த கடலில் கலத்தை இறக்கினார்கள். சட்டத்தின் எல்லை முடியும் இடத்தில் வியாபாரத்தின் எல்லை தொடங்கிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே தந்திரத்தை வேறோர் இடத்தில் மீண்டும் காணப்போகிறோம்.

இனி மூன்றாம் சாராரின் கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி பராக் ஒபாமாவே அந்த வாரம் அத்தென்ஸ் நகரில் நின்று அந்த வேற்றுமையைச் சுட்டிக்காட்டினார். 'ஏட்ரியானா' என்ற பழைய மீன்பிடிக் கப்பல் லிபியாவிலிருந்து இத்தாலியை நோக்கிப் புறப்பட்டது. அதில் ஏறத்தாழ 750 பேர் இருந்தனர் என்று மதிப்பிடப்படுகின்றது. பாகிஸ்தானியர், சிரியர், எகிப்தியர் எனப் பலர். பெண்களும் குழந்தைகளும் கீழ்த்தளத்தில் அடைபட்டிருந்தனர். ஜூன் 14 அதிகாலையில், கிரேக்க நாட்டின் பைலொஸ் கரைக்கு அப்பால், மத்தியதரைக் கடலின் மிக ஆழமான பகுதியில் அது கவிழ்ந்தது. உயிர் தப்பியோர் 104 பேர். மீட்கப்பட்ட உடல்கள் 82. தப்பியவர்களுள் ஒரு பெண்ணேனும் இல்லை. மிஞ்சியவர்கள் இன்னும் கடலின் அடியில். பாகிஸ்தான் ஜூன் 19 இல் துக்கதினம் அனுட்டித்தது; தாவூத் குடும்பத்தின் தந்தையும் மகனும் அத்திலாந்திக்கிற் காணாமற்போன மறுநாள் அது. ஒரே தேசத்தின் பிள்ளைகள், ஒரே வாரத்தில், இரு கடல்களில். ஒரு கடலில் உலகமே தேடிற்று.

ஆனால் வழக்கைச் சரியாக நடத்த வேண்டுமானால் எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்கவேண்டும். டைட்டனைத் தேடுவது இலகுவாயிருந்தது என்பார்கள். இறங்கிய இடம் தெரியும். இருந்தோர் பெயர் தெரியும். காணாமற்போனதை அறிவிக்கத் தாய்க்கப்பல் மேலே நின்றது. இவை உண்மையே. பணம் ஒன்றினால்தான் தேடினார்கள் என்று சொல்வது அரைகுறை வாதம்.

ஆயினும் அந்த வாதம் ஏட்ரியானாவைக் காப்பாற்றாதவர்களைக் காப்பாற்றமாட்டாது. ஏனெனில் டைட்டன் காணாமற்போயிற்று, ஏட்ரியானா காணாமற்போகவில்லை. ஜூன் 13 ஆந் திகதி பகலிலேயே ஐரோப்பிய எல்லைக் காவல் நிறுவனத்தின் விமானம் அதை மேலிருந்து கண்டது. வர்த்தகக் கப்பல்கள் நெருங்கி உணவும் நீரும் கொடுத்தன. கிரேக்கக் காவற்படையின் படகு இரவில் அருகே நின்றது. கவிழ்வதற்குப் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்கு மேலாக அது கண்முன்னே மிதந்தது. அங்கே வேண்டியிருந்தது தேடுதல் அன்று, கைகொடுத்தல். உதவியை அவர்களே மறுத்தார்கள் என்றது கிரேக்கத் தரப்பு. காவற்படகு கயிறு கட்டி இழுத்ததாலேயே கவிழ்ந்தது என்றார்கள் உயிர் தப்பியோர். அதைக் காவற்படை மறுத்தது. 2024 ஆம் ஆண்டு மே மாதம், கடத்தற்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஒன்பது எகிப்தியரின் வழக்கு, சம்பவம் சர்வதேசக் கடலில் நிகழ்ந்ததால் நியாயாதிக்கம் இல்லை என்று தள்ளப்பட்டது. 2025 ஆம் ஆண்டு மே மாதம், காவற்படையைச் சேர்ந்த 17 பேர் மீது குற்றச்சாட்டு முன்வைக்கப்பட்டது. இறுதித் தீர்ப்பு நீதிமன்றத்துக்கு உரியது. முன்கூட்டியே நான் தீர்ப்பளிக்கப் போவதில்லை.

ஆனால் சட்டம் என்ன என்பதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயத்தின் 98 ஆம் உறுப்புரை, கடலில் அழியும் ஆபத்திற் காணப்படும் எந்த மனிதனுக்கும் உதவி செய்யும்படி கப்பற் தலைவனைப் பணிக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் கட்டளையிடுகின்றது. 1979 ஆம் ஆண்டின் தேடுதல் மீட்புச் சமவாயம், அவன் எந்த நாட்டவன், எந்த அந்தஸ்தினன், எந்நிலையில் அகப்பட்டான் என்று பாராமல் உதவி அளிக்கவேண்டும் என்கின்றது. அனுமதிச் சீட்டு உண்டா, கடவுச்சீட்டு உண்டா என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. கடற்சட்டச் சமவாயத்தை ஆக்கிய மகாநாட்டுக்கு 1973 முதல் 1980 இல் இறக்கும்வரை தலைமை வகித்தவர் இந்த இலங்கைத் தீவின் ஷேர்லி அமரசிங்க. கிணற்றுக்குக் கயிறு போடும் எமது கிராமச் சட்டமும் இந்தச் சர்வதேசச் சட்டமும் ஒன்றேயன்றி வேறன்று.

தோழர்களே, அத்திலாந்திக்கிலும் மத்தியதரைக் கடலிலும் நடந்தவை எமக்கு அந்நியமானவை என்று எண்ணாதீர்கள். டைட்டனின் தாய்க்கப்பல் புறப்பட்ட துறைமுகம் நியூபவுண்ட்லாந்தின் சென்ற் ஜோன்ஸ். அதே துறைமுகத்துக்கு 1986 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 155 ஈழத்தமிழர் கொண்டுவரப்பட்டனர். மேற்கு ஜெர்மனியிலிருந்து அவர்களை ஏற்றிவந்த கப்பல், மூடுபனிக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அவர்களை இறக்கிவிட்டு மறைந்தது. ஆகஸ்ட் 11 இல் அவர்களைக் கண்டவர் கஸ் டால்ட்டன் என்ற மீனவத் தலைவர். அவர் அவர்களைச் சட்டம் கேட்கவில்லை, படகில் ஏற்றினார். முதலில் கனடா மக்கள் அவர்கள்மேல் இரக்கம் சொரிந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னவர்கள் உண்மையில் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் அந்த இரக்கம் கோபமாய் மாறிற்று. பொதுமக்களின் உணர்ச்சி அவ்வளவு வேகமாகத் திரும்பக்கூடியது. ஆயினும் அரசாங்கம் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. முப்பது ஆண்டுகள் கழிந்து, 2016 இல், தப்பியவர்கள் அங்கே மீண்டும் சென்று அந்த மீனவருக்கு நன்றி கூறினார்கள். மக்களின் உணர்ச்சி மாறியபோதும் மாறாமல் நின்றது ஒரு மீனவன் செய்த கடமை.

இனி இதற்கு நேர்மாறான கதை. 1996 ஆம் ஆண்டு நத்தார் இரவு, மால்ற்றாவுக்கும் சிசிலிக்கும் இடையில், பெரிய கப்பலிலிருந்து சிறு படகொன்றுக்கு மனிதர் மாற்றப்பட்டனர். படகு மூழ்கிற்று. குறைந்தது 283 பேர் மாண்டனர். இந்தியர், பாகிஸ்தானியர், எமது தமிழ் இளைஞர்கள். பெரிய கப்பலில் எஞ்சியவர்களைக் கடத்தற்காரர் கிரேக்கக் கரையில் இறக்கிவிட்டனர். அவர்கள் நடந்ததைச் சொன்னார்கள், எவரும் நம்பவில்லை. கப்பல் இல்லை, உடல் இல்லை, பட்டியல் இல்லை. ஆகவே விபத்தும் இல்லை என்றார்கள் அதிகாரிகள். ஆனால் போட்டோபாலோ என்ற சிசிலிய ஊரின் மீனவர்களுக்கு உண்மை தெரியும். அவர்களின் வலைகளில் உடல்கள் வந்தன. அறிவித்தால் விசாரணை, விசாரணையால் தொழில் இழப்பு என்று அஞ்சி, உடல்களை மீண்டும் கடலில் இட்டார்கள். அந்த மௌனம் நாலரை ஆண்டு நீடித்தது.

அதை உடைத்தது எது தெரியுமா? வலையில் வந்த ஓர் ஆடையில் இருந்த இலங்கைத் தேசிய அடையாள அட்டை. பதினேழு வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒருவனுடையது. உள்ளூர் மீனவர் ஒருவர் அதை மறைக்க மறுத்து, 'லா ரெபுப்ளிக்கா' என்ற இத்தாலியப் பத்திரிகையின் செய்தியாளர் ஜோவன்னி மரியா பெல்லுவுக்கு அறிவித்தார். 2001 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்தச் செய்தியாளர் ஆளில்லா இயந்திரமொன்றைக் கடலில் இறக்கிப் படம்பிடித்தார். அங்கே கிடந்தது படகு; உள்ளே எலும்புக்கூடுகள். ஆழம் எவ்வளவு? நூறு மீற்றருக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

3,800 மீற்றர் ஆழத்திற் கிடந்த ஐவரை நான்கு நாட்களிற் கண்டுபிடித்தார்கள். நூறு மீற்றரிற் கிடந்த எம்மவரைக் கண்டுபிடிக்க நாலரை ஆண்டு சென்றது. அதையும் ஓர் அரசாங்கம் செய்யவில்லை, ஒரு மீனவனும் ஒரு பத்திரிகையாளனும் செய்தார்கள். டைட்டனின் சிதைவுகளையும் மனித எச்சங்களையும் அந்த ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். ஆகவே முடியாது என்ற விடை இனி எவருக்கும் இல்லை. முடியும் என்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது. யாருக்காக முயல்வது என்பதே எஞ்சிய கேள்வி. இதனாலேயே அந்த ஐவரைத் தேடியதை நான் குறைகூறவில்லை. அதை ஒரு முன்தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறேன். அவர்களுக்குக் கொடுத்ததைப் பறிக்க வேண்டாம். மற்றவர்களுக்கும் கொடுங்கள் என்பதே எமது கோரிக்கையாக இருக்கவேண்டும்.

முன்பு சொன்ன தந்திரத்துக்கு இப்பொழுது வருகிறேன். எமது பிள்ளைகளைக் கப்பலேற்றும் தரகனும் அதே முறையையே கையாள்கிறான். பணத்தை முன்கூட்டியே வாங்குகிறான். பரிசோதிக்கப்படாத கலத்தைத் தருகிறான். சட்டம் முடியும் இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறான். டைட்டனில் ஏறியவர்களின் கையிலாவது சாவு நேரலாம் என்று எழுதிய ஒப்பந்தம் இருந்தது. எமது பிள்ளையின் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. 2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதம், வியட்நாமுக்கு அப்பால், பழுதாகி மூழ்கத்தொடங்கிய 'லேடி ஆர் 3' என்ற கலத்திலிருந்து இலங்கையர் 303 பேரை ஜப்பானியக் கொடி தாங்கிய கப்பலொன்று மீட்டது. அவர்களிற் பலர் எம்மவர். அந்தக் கப்பல் அவ்வழியே வராதிருந்தால், 303 பேரின் பெயர்ப்பட்டியலை எவர் வைத்திருந்தார்? எந்தத் தாய் எந்தக் கந்தோருக்குப் போய் எதைக் காட்டியிருப்பாள்?

இங்கே இருக்கும் கமக்காரர்களே, அந்தத் தரகனுக்குக் கொடுக்கும் பணம் உங்கள் காணியை ஈடு வைத்து வருகின்றது. உங்கள் வீட்டுப் பெண்களின் தாலிக்கொடியை அடகு வைத்து வருகின்றது. போகாதே என்று மட்டும் சொல்லி என் கடமையை முடித்துக்கொள்ள மாட்டேன். பயம் துரத்தினாலும் பசி துரத்தினாலும் மனிதன் போகத்தான் செய்வான். மண்ணில் வாழ வழி செய்வது அரசியலின் வேலை. அதற்காகவே நாம் இயக்கம் நடத்துகிறோம். ஆனால் அது கைகூடும்வரை நாமாகச் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, பெயர். ஐவரின் பெயரை உலகம் விரைவில் அறிந்தது. பெயர் தெரிந்தவனையே உலகம் தேடுகின்றது. ஒருவன் கடல்வழி போய்த் தொடர்பு அறுந்தால், வெட்கத்தாலோ பொலீசுக்கு அஞ்சியோ குடும்பம் மௌனமாயிருக்கக் கூடாது. புறப்பட்ட நாள், இடம், உடன் சென்றோர், கடைசியாகப் பேசிய நேரம், இவற்றை எழுதிக் கையொப்பமிட்டு வைத்தல் வேண்டும். பிள்ளையைத் தேடும் தாய் குற்றவாளி அல்லள்.

இரண்டாவது, என் தொழிலைச் சேர்ந்த சட்டத்தரணிகளுக்கும், இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். அந்த வாக்குமூலங்களைச் சத்தியக்கடதாசியாக எழுதிக்கொடுப்பதற்கு ஒரு சதமும் வாங்காதீர்கள். அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் சம்பந்தப்பட்ட தேசங்களுக்கும் அனுப்ப உதவுங்கள். படிப்பறிவு வேறு எதற்கு?

மூன்றாவது, எமது கடற்றொழிலாளருக்கு. போட்டோபாலோவில் உடலை மீண்டும் கடலில் இட்டவர்களும் மீனவரே. அடையாள அட்டையை மறைக்க மறுத்தவரும் மீனவரே. நியூபவுண்ட்லாந்திற் கைகொடுத்தவரும் மீனவரே. எமது கடலில் எவன் தத்தளித்தாலும், அவன் தமிழனாயினும் சிங்களவனாயினும், எமது வலையை அறுத்துப்போன இந்திய இழுவைப் படகுக்காரனாயினும், மியன்மாரிலிருந்து மிதந்துவரும் ரோகிங்கியனாயினும், நாம் முதலிற் கயிறு போடுவோம். 2022 டிசம்பரிலும் 2024 டிசம்பரிலும் ரோகிங்கியரை ஏற்றிய கலங்கள் எமது வடகரைப் பக்கம் வந்ததையும், எமது மீனவர் அவர்களுக்கு உதவியதையும் நீங்கள் அறிவீர்கள். அதுவே எமது மரபு. எமக்கு வேண்டிய நீதியைப் பிறருக்கு மறுத்துவிட்டு உலகத்திடம் கேட்க எமக்கு வாய் இராது.

அந்தப் பதினேழு வயதுப் பிள்ளையின் அட்டையை உப்புநீர் அழிக்கவில்லை. அவன் பெயர் எஞ்சியதால் 283 பேரின் சாவு உண்மையென்று நிலைநாட்டப்பட்டது. ஆகவே இன்று வீடு திரும்பியதும், கடல்வழி போய்ச் செய்தியில்லாத பிள்ளை உங்கள் ஊரில் எவனேனும் உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால், அவன் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். மேசையும் தாளும் பேனாவும் எங்கள் பொறுப்பு.